உதைக்காமலே 'கிக் அவுட்'

கேள்வி: விடுதியிலிருந்து என் நண்பனை வெளியேற்றிவிட்டார்கள். அதை 'தே கிக்டு அவுட் ஹிம் ஃப்ரம் த ஹாஸ்டல்' என்று எழுதினேன். ஆசிரியர் இரண்டு இடத்தில் சுழித்துவிட்டார். யாரும் உதைக்கவில்லையே, 'கிக்' என்று போட்டதுதான் தப்பா?

பதில்: இல்லை, 'கிக்' இருக்கட்டும். 'கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிட்டாங்க' என்று நாம் சொல்லும்போது யார் கழுத்தையும் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். அதுபோலத்தான் இதுவும்: அவமானப்படுத்தி அனுப்பினார்கள் என்பதே பொருள்.

முதல் சுழி 'ஹிம்' இருக்கும் இடத்துக்கு. தமிழில் 'துரத்திவிட்டார்கள்' என்பதைப் பிரித்து நடுவில் 'அவனை' என்று செருக முடியாது. ஆங்கிலத்தில் செருகியே ஆக வேண்டும்: 'கிக்டு ஹிம் அவுட்'. ஹிம், ஹெர், தெம் போன்ற பிரதிப்பெயர்களுக்குத்தான் இந்தக் கட்டாயம். 'மை ஃபிரெண்ட்' என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம்.

அடுத்தது 'ஃப்ரம்'. 'அவுட்' வந்துவிட்டால் இடத்துக்கு முன்னால் 'ஆஃப்' (of) போடுங்கள்: 'தே கிக்டு ஹிம் அவுட் ஆஃப் த ஹாஸ்டல்'. 'எக்ஸ்பெல்' என்ற சொல்லோடுதான் 'ஃப்ரம்' சேரும். இரண்டையும் நீங்கள் கலந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, இதை எங்கே எழுதினீர்கள்? வாட்ஸ்அப்பில் என்றால் பிரச்சினை இல்லை. முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் 'கிக் அவுட்' வேண்டாம். 'துரத்திட்டாங்க' என்று விண்ணப்பத்தில் எழுதுவது போல இருக்கும். அங்கே 'ஹி வாஸ் எக்ஸ்பெல்டு ஃப்ரம் த ஹாஸ்டல்' என்று எழுதுங்கள். வாடகை வீட்டைச் சட்டப்படி காலி செய்ய வைத்தால் 'எவிக்ட்', கால்பந்தில் சிவப்பு அட்டை காட்டி அனுப்பினால் 'சென்ட் ஆஃப்' (send off). 'த்ரோ அவுட்' ஏறக்குறைய 'கிக் அவுட்' மாதிரிதான். ஆனால் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தால் 'த்ரூ அவுட் த பெட்டிஷன்' என்று பத்திரிகைகளே எழுதும்.

நம் கல்லூரிகளுக்குப் பிடித்த 'ரஸ்டிகேட்' இருக்கிறதே, அது நாட்டுப்புறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வழக்கில் மாணவரைக் கொஞ்ச காலத்துக்கு அனுப்பிவைப்பதே அது. அந்தச் சொல்லைப் போட்டால், உங்கள் நண்பன் எப்போது திரும்பி வருவான் என்று அங்கே உள்ளவர் கேட்கக்கூடும்.