தயாபென் இல்லாத வீடு

அன்புள்ள ஐயா,

அகமதாபாத் மணிநகரில் பதினைந்து வருடமாக இருக்கிறோம். இரவு எட்டரை ஆனால் எங்கள் வீட்டில் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்ற இந்தி நகைச்சுவைத் தொடர் ஓடும். அம்மா இந்தி கற்றுக்கொண்டதே அதைப் பார்த்துத்தான். இப்போது என் மகள், "அது எப்பவோ செத்துப்போச்சுப்பா, சும்மா இழுக்கிறாங்க" என்கிறாள். எனக்கும் சிரிப்பு வருவதில்லை. அம்மா மட்டும் ஒரு நாளும் விடமாட்டார். நாலாயிரம் எபிசோடு தாண்டிய அந்தத் தொடரின் நல்ல காலம் முடிந்துவிட்டதா, இல்லை நாங்கள்தான் மாறிவிட்டோமா?

ஒரு வாசகர், அகமதாபாத்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் மாறவில்லை. அதன் நல்ல காலம் முடிந்துவிட்டது. என் கணக்கில் அது முடிந்தது 2017இல், ஜேட்டாலாலின் மனைவி தயாபென்னாக நடித்த திஷா வகானி பிரசவ விடுப்பில் போனபோது.

ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், தயாவின் தம்பி சுந்தர் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அகமதாபாத்திலிருந்து மும்பை வரைக்கும் டாக்ஸியில் வந்து இறங்குவான். வாடகையை அத்தான் ஜேட்டாலால் கொடுக்க வேண்டும். தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் தயா தலைகால் புரியாமல் குதிப்பாள், நின்ற இடத்திலேயே கர்பா ஆடுவாள். பின்னால் ஜேட்டாலாலின் முகம் வெந்துகொண்டிருக்கும். கத்த வாய் திறப்பார், மனைவியைப் பார்ப்பார், வாயை மூடிக்கொண்டு பர்ஸை எடுப்பார். நமக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு பார்வையில்தான். கோபத்தைப் பாசம் வந்து மறிக்கும் இடம் அது. சுந்தராக நடிக்கும் மயூர் வகானி திஷாவின் சொந்தச் சகோதரர் என்பதால் அந்தக் குதூகலத்தில் கொஞ்சமும் நடிப்பு தெரியாது.

இப்போதும் சுந்தர் வருகிறான், ஜேட்டாலாலை ஏமாற்றுகிறான். மறிக்க ஆள் இல்லை. மச்சானிடம் பணம் பறிகொடுக்கும் ஒரு மனிதரை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருக்கிறது.

மற்றவர்கள் போனதை அந்தத் தொடர் தாங்கிக்கொண்டது. டாக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாத் 2018இல் காலமானார், நட்டு காகாவாக நடித்த கன்ஷ்யாம் நாயக் 2021இல். தாரக், அஞ்சலி, டப்பு என்று முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அந்த இடங்களுக்கெல்லாம் வேறு நடிகர்கள் வந்தார்கள். தயாவை மட்டும் வருடக்கணக்கில் அம்மா வீட்டிலேயே உட்காரவைத்து, இதோ வருகிறாள், அதோ வருகிறாள் என்று ரசிகர்களைக் காக்கவைத்தது எனக்குப் பெரிய வருத்தம். உண்மையாகக் காத்திருந்தவர்களுக்கு அப்படிச் செய்திருக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. எழுத்தாளர் தாரக் மேத்தா 1971 முதல் குஜராத்தி வார இதழான 'சித்ரலேகா'வில் எழுதிய பத்தியிலிருந்து வந்த கதை இது. அவர் எழுதியது வாரத்துக்கு ஒன்று. 2008 ஜூலையில் தொடங்கிய தொடரோ கிட்டத்தட்ட தினமும் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு நாளில் முடிய வேண்டிய சிக்கல் இரண்டு வாரத்துக்கு நீள்கிறது. போபட்லாலுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்பது ஒரு காலத்தில் வேடிக்கை. இத்தனை வருடம் கழித்து, அந்தக் குடையோடு அவர் பெண் பார்க்கக் கிளம்பினால் நான் சேனலை மாற்றிவிடுகிறேன்.

ஆனால் உங்கள் மகள் சொல்லும் "செத்துப்போச்சு" என்ற வார்த்தையை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜேட்டாலாலாக நடிக்கும் திலீப் ஜோஷி இருக்கிறாரே! அப்பா பாபுஜி "ஜேட்டியா" என்று ஓர் அதட்டல் போட்டதும் அவர் தோள் இரண்டும் தொங்கிப்போகும், பத்து வயதுப் பையனாகிவிடுவார். பாபுஜியாக நடிக்கும் அமித் பட் அவரைவிட வயதில் சின்னவர். இருந்தும் நாம் அவர்களை அப்பா பிள்ளை என்றே நம்புகிறோம்.

அம்மாவைத் தடுக்காதீர்கள். பழைய எபிசோடுகள் யூடியூபில் இருக்கின்றன. முதல் இரண்டு மூன்று வருடத்தில் சுந்தர் வரும் ஒன்றைத் தேடி எடுத்து, மகளைப் பாட்டி பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக்காட்டுங்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.