டிராக் பந்தயத்துக்கு இன்டேக் மாற்றலாமா? முதலில் நாலு மீட்டர் டியூப் வாங்குங்கள்

கேள்வி: திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வைத்திருக்கிறார். விமான ஓடுதளத்தில், நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறும் கால் மைல் டிராக் (drag) பந்தயத்தில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க ஆசை. இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில், 3 அங்குலப் பைப்பும் கூம்பு வடிவக் கோன் ஃபில்டரும் போட்டால் பத்து ஹெச்பி ஏறும் என்கிறார் கடைக்காரர். ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸைக் கழற்றித் தூரப் போடு என்கிறார் ஒரு நண்பர். பானெட்டில் காற்று பிடிக்கும் ஸ்கூப் வெட்டச் சொல்கிறார் இன்னொருவர். தினமும் வேலைக்குப் போவதும் இதே காரில்தான். "எதைச் செய்யட்டும் அண்ணா?"

தம்பி, நல்ல கார் வைத்திருக்கிறீர்கள். 1493 சிசியில் 106 ஹெச்பி என்று அந்த விடெக் வந்தபோது நம் ஊரில் அதுவே பெரிய பேச்சாக இருந்தது. நன்றாகப் பராமரித்த எஞ்சின் இன்றைக்கும் 6800 ஆர்பிஎம் வரை தயங்காமல் சுற்றும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு எதைச் செய்தாலும் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். மூன்று பேர் சொன்னதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் இந்த எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும். 6800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3400 முறை, ஒவ்வொரு முறையும் 1.493 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்புகிறது என்றே வைத்துக்கொண்டால் விநாடிக்குச் சுமார் 85 லிட்டர். இதை 60 மி.மீ. பைப்பில் விட்டால் காற்று விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும். 70 மி.மீ. என்றால் 22 மீட்டர். கடைக்காரர் சொல்லும் 76 மி.மீ. என்றால் 19 மீட்டர்கூட வராது. 30 மீட்டர் வேகமே ஒன்றும் மோசமில்லை. உங்கள் திராட்டிலின் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) வாயை ஸ்கேலில் அளந்து பாருங்கள். பைப்பின் உள்விட்டம் அதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் சத்தம்தான் கூடும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதுபோல் தோன்றும். இதில் ஏமாந்தவர்கள் நிறைய பேர், பாவம், காசும் போய்விடும்.

சரி, உங்கள் காரின் கம்பெனி இன்டேக் உண்மையிலேயே எஞ்சினை மூச்சுத் திணற வைக்கிறதா? இதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நிறமில்லாத பிளாஸ்டிக் டியூப் நாலு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கால் மீட்டர் உயரமுள்ள பிளைவுட் பலகையில் அதன் ஒரு பகுதியை 'யு' வடிவில் வளைத்துக் கட்டி, நடுவில் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து பாதி உயரம் ஊற்றுங்கள். டியூபின் ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறுமுனையை ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் ஒரு சின்ன நிப்பிள் வைத்துச் சொருகுங்கள். டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே உருளைகளின் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் மேடை) காரை ஏற்றி, முழு ஆக்சிலரேட்டரில் ரெட்லைன் வரை, அதாவது எஞ்சினின் உச்ச ஆர்பிஎம் வரை, இழுக்கும்போது நீலத் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் நடுவே எத்தனை மி.மீ. வித்தியாசம் என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். மொபைலில் வீடியோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். நிப்பிள் திராட்டிலுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் போட்டுவிட்டால், ஐடிலில் அங்கிருக்கும் உறிஞ்சு விசை பல மீட்டர் தண்ணீரை இழுக்கக்கூடியது. நீலத் தண்ணீர் மொத்தமும் எஞ்சினுக்குள் போய்விடும்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது? மேட்டில் வைத்த மோட்டார் முப்பத்துச் சொச்சம் அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது என்று நம் பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்குத் தெரியும். காரணம், மொத்தக் காற்றழுத்தமே சுமார் 10 மீட்டர் தண்ணீரின் கனம்தான். ஆகவே உங்கள் டியூபில் 100 மி.மீ. தெரிந்தால், இழப்பு நூறில் ஒரு பங்கு. 200 மி.மீ. என்றால் இரண்டு பங்கு. உலகத்திலேயே சிறந்த இன்டேக்கைப் போட்டாலும் அந்த வழியில் திரும்பக் கிடைக்கப் போவது சுமார் 2 ஹெச்பி. பத்து ஹெச்பி என்ற பேச்சை இந்தப் பலகையின் முன்னால் வைத்துப் பாருங்கள். எண் பெரிதாக வந்தால் நிப்பிளை ஃபில்டருக்கு முன்பக்கம் மாற்றி இன்னொரு இழுப்பு இழுங்கள். அடைப்பு ஃபில்டரிலா, அதற்கு முந்தைய மூக்குக் குழாயிலா, சுருக்கம் சுருக்கமான ஹோஸிலா என்று தெரிந்துவிடும். அழுக்கேறிய பேப்பர் ஃபில்டரை மாற்றினாலே எண் இறங்குவதும் உண்டு.

பெரிய விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. சூடு.

வெளியே 35 டிகிரி. வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருக்கும் காரின் பானெட்டுக்குள் 65 டிகிரி சாதாரணம். அந்தக் காற்றில் லிட்டருக்கு லிட்டர் 9 சதவீதம் ஆக்சிஜன் குறைவு. உள்ளே போகும் வழியில் எந்தக் காற்றானாலும் கொஞ்சம் சூடாகிவிடும் என்பதால் முழு ஒன்பதும் பவரில் தெரியாது. பாதி தெரியும். அதுவே உங்கள் காரில் 5 ஹெச்பி. சூட்டில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்து, ஸ்பார்க் விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைக் குறைக்க நேர்ந்தால் இன்னும் போகும். இப்போது ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரேடியேட்டரும் இருக்கும் அறைக்குள் ஒரு கோன் ஃபில்டரைத் தொங்கவிட்டால் என்ன நடக்கும்? தடையில் 2 ஹெச்பி லாபம், சூட்டில் 5 ஹெச்பி நஷ்டம். டைனோவில் இது வெளியே தெரியாமலே போகும். அங்கே பானெட்டைத் திறந்து வைத்து முன்னால் பெரிய ஃபேனை ஓடவிடுவார்கள், ஓபன் ஃபில்டருக்குக் குளிர்ந்த காற்றுதான் கிடைக்கும். அதனால் டைனோக்காரரிடம் கட்டாயமாகச் சொல்லுங்கள்: பானெட்டை மூடித்தான் ஓட்ட வேண்டும். மாற்றத்துக்கு முன் மூன்று ரன், பின் மூன்று ரன், அதே கியர், முடிந்தவரை அதே வெயில்.

ஸ்கூப் பற்றி. வேகத்தில் காற்று தானாகவே அழுத்தி உள்ளே நுழையும் என்ற நம்பிக்கை பழையது. கணக்கு இதுதான்: 100 கி.மீ. வேகத்தில் அந்த அழுத்தம் சுமார் 45 மி.மீ. தண்ணீர். கால் மைலின் கடைசியில் நீங்கள் 130 கி.மீ.யில் போனால் 75 மி.மீ. முக்கால் சதவீதம், அதுவும் கடைசிச் சில விநாடிகளுக்கு. கிளம்பும் இடத்தில் பூஜ்யம். தவிர, பானெட்டின் முன் விளிம்பைத் தாண்டியதும் காற்று மேலெழுந்து அழுத்தம் குறையும். அங்கே வெட்டிய ஸ்கூப் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். முன் கண்ணாடியின் அடிவாரத்தில் அழுத்தம் கூடும், முகப்பில் கூடும். அமெரிக்காவில் 1964-இல் ஃபோர்டு கம்பெனி டிராக் பந்தயத்துக்கென்றே சுமார் நூறு கார்கள் செய்தது, ஃபேர்லேன் தண்டர்போல்ட் என்று. 7 லிட்டர் எஞ்சின். அதில் நான்கு ஹெட்லைட்டில் உள்பக்கத்து இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகப் பெரிய குழாய்களில் கார்புரேட்டருக்குக் காற்று கொண்டுபோனார்கள். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைத் தொடாமல் முகப்பிலிருந்தே வெளிக்காற்று. அறுபது வருடத்துக்கு முந்தைய அந்த யோசனை உங்கள் காருக்கும் அப்படியே பொருந்தும். ஹெட்லைட்டைப் பிடுங்க வேண்டாம், அதன் பக்கத்து இடைவெளி போதும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது: ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கும். உள்ளே புது ஃபில்டர். ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்பக்கத்துக் காற்று படும் இடத்திலிருந்து 70 மி.மீ. குழாய் ஒன்றை ஏர் பாக்ஸின் வாய்க்குக் கொண்டுவருவேன். சுற்றிலும் ஸ்பாஞ்ச் பீடிங் ஒட்டி, உள்சூடு எட்டிப் பார்க்காமல் அடைப்பேன். குழாயின் முனையை மொட்டையாக விடமாட்டேன். வெட்டிவிட்ட குழாய் முனையில் காற்று ஓரத்தில் திரும்பும்போது பிய்ந்து சுழலும். 30 மீட்டர் வேகத்தில் அது மட்டுமே 40, 50 மி.மீ. தண்ணீர் அளவு இழப்பு. லேத் பட்டறையில் கொடுத்து நாதஸ்வரத்தின் அணைசு போல விரிந்த வாய் ஒன்று கடைந்து வாங்குங்கள். ஓரத்தின் வளைவு ஆரம் குழாய் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அந்த இழப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். இந்த வேலை முழுவதிலும் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இந்த ஒரு துண்டுதான். குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முழு ஆக்சிலரேட்டரில் காற்று அதற்குள் இருப்பது விநாடியில் நூறில் சில பங்கு. சூடேற நேரமே இல்லை.

பழைய ஹோஸில் இருந்து பிரியும் சின்னக் குழாய்களை மறக்காதீர்கள். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் ப்ரீதர் ஹோஸ் ஃபில்டருக்குப் பின்னால்தான் சேர வேண்டும், இல்லாவிட்டால் தூசி நேராக உள்ளே. காற்றின் வெப்பம் பார்க்கும் சென்சர் எங்கே இருந்தாலும் அது உண்மையான இன்டேக் காற்றையே தொட வேண்டும். உங்கள் ஹோண்டா மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் அளக்கும் ஜாதி என்பதால் திராட்டிலுக்கு முன்னால் செய்யும் சிறு மாற்றத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். நண்பர்கள் யாராவது ஏர் ஃப்ளோ மீட்டர் வைத்த காரில் இதே வேலையைச் செய்தால் எச்சரியுங்கள். அந்த மீட்டர் கம்பெனிக் குழாயின் விட்டத்துக்கென்று அளவு செய்யப்பட்டது. பெரிய குழாயில் மாட்டினால் காற்றைக் குறைவாகக் காட்டும், பெட்ரோல் குறையும், பிஸ்டன் சுடும்.

இன்னொன்று, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதே காற்றுக்கு சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். 2002-இல் செய்த ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) அது தெரியாது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சர் சரிசெய்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் அது தலையிடாது. டைனோவில் புகையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் வைத்து லாம்டா எண்ணைப் பாருங்கள். 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரிக்குச் சரி, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல். 0.86 முதல் 0.88 வரை இருந்தால் நிம்மதி. 0.95 பக்கம் போனால் இன்டேக்கை மறந்துவிட்டு முதலில் எரிபொருளைக் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் குறையும்? கால் மைல் நேரம் பவரின் கனமூலத்தைப் பொறுத்து மாறும். 3 சதவீதம் பவர் கூடினால் நேரம் 1 சதவீதம் குறையும். 17 விநாடிக் காருக்கு 0.17 விநாடி. எடைக்கும் இதே கணக்கு. உங்களோடு சேர்த்து 1100 கிலோ என்றால், ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், டிக்கிச் சாமான் என்று 33 கிலோ இறக்கினால் அதே 0.17 விநாடி காசில்லாமல் கிடைக்கும். எதைக் கழற்றலாம் என்று உங்கள் பிரிவின் விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

பந்தய நாளில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, காரைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஆயில் சூடாக இருக்கட்டும், இன்டேக் மேனிஃபோல்டு மட்டும் குளிரட்டும். பழைய டிராக் ஆட்கள் மேனிஃபோல்டின் மேல் ஐஸ் மூட்டை வைப்பார்கள். அது வேலை செய்யும். ஆனால் கோட்டுக்குப் போகுமுன் மூட்டையை எடுத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஓடுதளத்தில் விழும் ஒரு கை தண்ணீர் அடுத்து வருபவரின் சக்கரத்தை வழுக்கிவிடும். லோனாவலா பக்கம் ஆம்பி வேலி போல 600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஓடுதளத்தில் ஓட்டினால் காற்றே 7 சதவீதம் மெலிசு. அங்கே வாங்கிய டைம் ஸ்லிப்பை (ஓடிய நேரம் அச்சிட்ட சீட்டு)க் கடலோர ஊர் ஸ்லிப்போடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். ஈசிஆரிலோ பைபாஸிலோ சோதித்துப் பார்க்கும் எண்ணமே வரக்கூடாது. பொதுச் சாலையில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். எதிரில் வருபவருக்கு நீங்கள் சோதனை செய்கிறீர்கள் என்று தெரியாது.

தினமும் ஓட்டும் கார் என்றீர்கள். குழாயின் வாய் பம்பருக்குக் கீழே போகவே கூடாது. ஐப்பசி மழையில் ரயில்வே பாலத்தடியில் நிற்கும் தண்ணீரை ஒரு மடக்கு உறிஞ்சினால் போதும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் கார் நின்றுவிட்டால் சாவியைத் திரும்பத் திருகாதீர்கள், டோ செய்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

டைனோவுக்குப் போய்வந்ததும் மூன்று எண்களை எனக்கு எழுதுங்கள்: நீலத் தண்ணீர் எத்தனை மி.மீ., பானெட் மூடிய நிலையில் இன்டேக் காற்று எத்தனை டிகிரி, ரெட்லைனில் லாம்டா எவ்வளவு. குழாயின் நீளத்தையும் வாயின் அளவையும் அதை வைத்துச் சொல்கிறேன்.