பனிக்கட்டிக்கு அடியிலும் நிற்காத இதயம்

கேள்வி: நார்வே, பின்லாந்து குளங்கள் குளிர்காலத்தில் உறைந்து மூடிக்கொள்கின்றன. ஆக்சிஜனே இல்லாத அந்தத் தண்ணீரில் கெண்டை மீன் பிழைப்பது எப்படி? இதயம் நின்றுவிடாதா? – வாசகர், திருச்சி

பதில்: நிற்பதில்லை, அதுதான் வியப்பு! நீங்கள் கேட்பது குருசியன் கெண்டை. ஐஸ் மேல் பனி படிந்தால் வெளிச்சம் புகாது, பாசி ஆக்சிஜன் விடாது. இருப்பதையும் அடியில் மக்கும் இலைதழை தீர்த்துவிடும். மற்ற மீன்கள் செத்துப்போகும் அந்தக் குளத்தில் இது மாதக்கணக்கில் தாங்கும்.

குளிர்காலம் வருவதற்குள் கல்லீரலில் கிளைக்கோஜனை, அதாவது குளுக்கோஸின் சேமிப்பு வடிவத்தை, சேர்த்துக்கொள்ளும். உச்சத்தில் அது கல்லீரல் எடையில் சுமார் 30 சதவீதம். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 30 ஏடிபி (செல்கள் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும், இல்லாவிட்டால் இரண்டே. குளிரில் இதயத்தின் தேவையும் சுருங்குவதால் அந்த இரண்டை வைத்தே துடிக்க முடிகிறது.

ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைத்தால் லாக்டிக் அமிலம் தேங்கி உயிரைக் குடிக்கும். இந்த மீனின் தசை அதை எத்தனாலாக, அதாவது சாராயமாக, மாற்றிவிடுகிறது. ரத்தம் அதைச் செவுளுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட வேண்டும். அதனால்தான் இதயம் ஓய முடியாது. 8 டிகிரியில் ஆக்சிஜனே இல்லாமல் 5 நாள் வைத்துப் பார்த்த 2004 ஆய்வில், இதயம் ரத்தம் இறைப்பது குறையவே இல்லை. 100 மி.லி. ரத்தத்தில் எத்தனால் 50 மி.கி.யைத் தாண்டும், நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்கு வரம்பு 30 மி.கி.!

குளிர்நாட்டு நன்னீர் ஆமைக்கு இந்த வித்தை கிடையாது. அமிலத்தை ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டால் முறித்துக்கொண்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இதயம் துடிக்கக் கிடக்கும்.

கேள்வி: தங்கமீனும் இதற்கு உறவாமே. தொட்டியில் ஏர் பம்ப் தேவையில்லையா? – வாசகி, மதுரை

பதில்: கட்டாயம் தேவை. எத்தனால் செய்யும் திறன் தங்கமீனுக்கும் உண்டு. ஆனால் 5 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 12.8 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் தேவையோ வெப்பத்தில் பல மடங்கு ஏறும், சேமிப்பு வேகமாகக் கரைந்துவிடும்.

கரண்ட் போனால் தீனியை நிறுத்துங்கள். மக்கில் தண்ணீர் மொண்டு அரை அடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், குளோரின் போன, அதே சூடுள்ள தண்ணீரால் கால்பங்கை மாற்றுங்கள். ஐஸ் கட்டி போடவே கூடாது. குளிர்நீரில் வாழும் டிரவுட் போன்ற மீன்களின் இதயத் தசைகூட குளிருக்குப் பழகவே சில வாரம் ஆகிறது. சட்டென்று குளிர்ந்தால் துடிப்பு விழுந்துவிடும்.