சாங்கி கடற்கரையில அவர் ஏன் உக்காந்திருந்தார்?

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயசு, சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கேன். போன செப்டம்பர்ல டயாலிசிஸ் செஞ்சுக்கிற நோயாளிகளுக்கு நிதி திரட்ட 100 கிலோமீட்டர் நடந்தேன். உட்லண்ட்ஸ்ல மத்தியானம் 3 மணிக்கு ஆரம்பிச்சு, பழைய ரயில் பாதையை நடைபாதையா மாத்தின ரயில் காரிடார் வழியா தஞ்சோங் பகார், அங்கிருந்து ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ், பொங்கோல்னு சுத்தி வந்து 27 மணி நேரத்துல முடிச்சேன். 11,400 வெள்ளி சேர்ந்துச்சு. நண்பர்கள் 4 பேர் ராத்திரி பூரா கூட இருந்தாங்க. அதுல ஒருத்தர் டாக்சி ஓட்டுறவர், 20 வருஷப் பழக்கம், தண்ணி சாப்பாடு எல்லாம் அவர் வண்டியிலதான் இருந்துச்சு. சாங்கி பீச்ல விடியக்காலை 4 மணிக்கு என் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டு விட்டதும் அவர்தான். (அப்புறம் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துட்டே உக்காந்துட்டார், கூப்பிட்டும் எழுந்திருக்கல, டயர்டா இருந்திருப்பார் போல.) இந்த வருஷம் 150 கிலோமீட்டர் பண்ணலாம்னு இருக்கேன், ஆனா அவர் என் போனையே எடுக்க மாட்டேங்கிறார். ஜூலைல அவங்க அப்பா தவறினப்போ என்னால போக முடியல, அன்னிக்குத்தான் 42 கிலோமீட்டர் பயிற்சி நடை, மெசேஜ் அனுப்பிட்டேன். அதுக்கப்புறமும் செப்டம்பர்ல வந்தாரே, அதனால அது காரணமா இருக்காது. மத்த மூணு பேரும் ஏதேதோ சாக்கு சொல்றாங்க. மனைவியும் போதும்ங்கிறா. இவங்களை எல்லாம் எப்படித் திரும்ப உற்சாகப்படுத்துறது?

பதில்: தம்பி, உற்சாகப்படுத்துற வழி எதையும் நான் எழுதப் போறதில்ல. நடந்தீங்க, முடிச்சீங்க, பணம் சேர்ந்துச்சு. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் மெஷினோட கட்டிப்போட்ட மாதிரி படுத்துக் கிடக்கறவங்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேரும், அது நல்ல காரியம்தான். அதுக்கு பாராட்டு உங்களுக்கு நிறையவே கிடைச்சிருக்கும், என் பாராட்டு வேற எதுக்கு.

நான் உங்க கடுதாசியை நாலு தடவை படிச்சேன். ஒவ்வொரு தடவையும் அந்த அடைப்புக்குறிக்குள்ள வந்துதான் நின்னுட்டேன். சாங்கி பீச், விடியக்காலை 4 மணி, கடலைப் பார்த்து உக்காந்துட்டார், கூப்பிட்டும் எழுந்திருக்கல. நீங்க என்ன எழுதியிருக்கீங்க? டயர்டா இருந்திருப்பார் போல.

தம்பி, நம்ம ஆளுங்க நிறைய பேர் மண்டாய் தகனச்சாலையில எரிச்சுட்டு அஸ்தி கரைக்கறதுக்கு எங்க போறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? சாங்கி பக்கம்தானே போறாங்க. ஜூலைல அவர் அப்பா போறார், செப்டம்பர்ல அவர் அந்தக் கடலுக்கு முன்னாடி உக்கார்றார், நடுவுல ரெண்டு மாசம்தான். அவங்க வீட்ல அங்கதான் கரைச்சாங்களான்னு எனக்குத் தெரியாது, நான் ஊகமாத்தான் சொல்றேன், வேற எங்கயாவது கூட கரைச்சிருக்கலாம். ஆனா 20 வருஷ நண்பர் உங்களுக்கும் தெரியலையே, அதுதான் எனக்கு ஆத்தாம இருக்கு. தெரியாததுக்குக் காரணம் அன்னிக்கு நீங்க அங்க இல்ல. அதுக்கப்புறமும் ஒரு நாள் போய் "என்னப்பா நடந்துச்சு, எப்படிப் போனார், யார் கொள்ளி வச்சது, எங்க கரைச்சீங்க"ன்னு உக்காந்து கேக்கல. கேட்டிருந்தா அந்த 4 மணிக்கு உங்க கால்ல கொப்புளம் வெடிச்சிருந்தாலும் எழுந்து போய் அவர் பக்கத்துல உக்காந்திருப்பீங்க, அஞ்சு நிமிஷம் லேட்டானா ஆகட்டும்னு.

"மெசேஜ் அனுப்பிட்டேன்"னு எழுதியிருக்கீங்க. மெசேஜ் அனுப்பினா சாவுக்குப் போன மாதிரி ஆயிடுமா தம்பி? நல்லதுக்குக் கூப்பிட்டா போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லித்தானே நாமெல்லாம் வளர்ந்தோம். கல்யாணத்துக்கு வரலன்னா மன்னிச்சுடுவாங்க, மொய்யை அனுப்பி வச்சா வாங்கிக்குவாங்க, ஆனா சாவுக்கு வரலன்னா அது மனசுல நிக்கும், வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க அப்பா போனப்ப எங்க புளோக்குக்குக் கீழ திறந்த தளத்துல, வாய்ட் டெக்லதான் வச்சிருந்தோம். அப்போ எனக்கு 26 வயசு. மலர் வளையம் யார் யார் அனுப்பினாங்கன்னு இப்ப கேட்டா ஒண்ணுகூட சொல்லத் தெரியாது. ஆனா மூணாவது புளோக்ல இருந்த ஒரு மாமா, எங்களுக்கு உறவு கூட இல்ல, ராத்திரி எல்லாரும் போனதுக்கப்புறம் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சுட்டு, காலையில 6 மணிக்கு திரும்ப வந்து எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு வேலைக்குப் போவார். எங்க அம்மா கண்ணை மூடற வரைக்கும் வருஷா வருஷம் தீபாவளிக்கு அந்த மாமா வீட்டுக்கு முறுக்கு போகாம இருந்ததில்ல, நாங்க வேற பேட்டைக்கு மாறினதுக்கப்புறமும் பஸ் ஏறிப் போய் குடுத்துட்டு வருவாங்க. நான் இதை எதுக்கு சொல்றேன்னா, அன்னிக்கு உங்க நண்பர் வீட்டு வாய்ட் டெக்லயும் நாற்காலி அடுக்க ஆள் தேவைப்பட்டிருக்கும். நீங்க அந்த நேரத்துல டயாலிசிஸ் நோயாளிகளுக்காக 42 கிலோமீட்டர் நடந்துட்டு இருந்தீங்க. உங்களுக்கு முகம் தெரியாதவங்களுக்காக அத்தனை தூரம் நடக்க முடிஞ்ச கால், 20 வருஷம் பழகினவன் அப்பா கிடக்கிற இடத்துக்கு நடக்கல. பயிற்சி அடுத்த ஞாயித்துக்கிழமை வரும் தம்பி. அந்த மனுஷனை அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சிருக்க முடியுமா?

அதுக்கப்புறமும் செப்டம்பர்ல வந்தாரே, அதனால அது காரணமா இருக்காதுன்னு கணக்குப் போடறீங்க. தப்புக் கணக்கு. அவர் வாக்கு குடுத்திருந்தார், அதனால வந்தார். அப்பா போன வருஷம், நல்லது கெட்டதுக்கே பார்த்துப் பார்த்துப் போற வருஷம், அதுலயும் வந்தார். வந்து என்ன செஞ்சார்னு உங்களுக்கு முழுசா தெரியுமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு, ஏன்னா நடக்கறவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும், கூட வர்றவன் படறது தெரியாது. ரயில் காரிடாருக்குள்ள கார் போகாது. 24 கிலோமீட்டர் அது, அதுல நீங்க எங்க வெளிய வருவீங்கன்னு பார்த்து அவர் மெயின் ரோட்டை சுத்தி வந்து, கார்பார்க் தேடி, தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு நடந்து உள்ள வரணும், நீங்க குடிச்சுட்டுப் போனதும் திரும்பவும் வண்டிக்கு ஓடணும். ஈஸ்ட் கோஸ்ட்லயும் அதே கதைதான். சாங்கிக்குப் போற அந்த நீட்டு ரோட்டுல ஒரு பக்கம் ரன்வே வேலி, அங்க நிப்பாட்ட இடமும் கிடையாது. இப்படி 27 மணி நேரம். நீங்க நடந்ததால தூக்கம் வரல, அவர் உக்காந்து காத்திருந்ததால தூக்கம் வந்திருக்கும், வந்தும் தூங்காம இருந்தாரே.

இன்னொண்ணு. வாடகை டாக்சி ஓட்டுறவங்களுக்கு வண்டியை எடுத்தாலும் எடுக்கலன்னாலும் அன்னிக்கு வாடகை கட்டியாகணும். ராத்திரியும் மறுநாளும் ஓட்டலன்னா வருமானமும் போச்சு, வாடகையும் போச்சு, பெட்ரோலும் கையிலிருந்து. உங்க 11,400 வெள்ளியில 20 வெள்ளி போட்டவங்க பேரு உங்ககிட்ட இருக்கும். அங்கீகாரம் பெற்ற அமைப்பா இருந்தா அவங்களுக்கு 250 சதவீதம் வரிக் கழிவு கூட கிடைக்கும். இவர் குடுத்தது எந்த லிஸ்ட்ல இருக்கு? நம்ம வீட்டு மொய் நோட்டுல 5 வெள்ளி வச்சவங்க பேரைக்கூட எழுதி வைக்கிறோம், எதுக்கு? அவங்க வீட்ல ஒரு காரியம் வந்தா திருப்பிச் செய்யணும்னுதானே. அவர் வீட்ல வந்துச்சு, நீங்க செய்யல.

டெர்ரி ஃபாக்ஸ்னு கனடாக்காரப் பையன், புற்றுநோய்ல ஒரு காலை எடுத்தவர், 1980ல செயற்கைக் காலோட நாடு பூரா ஓடி புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கக் கிளம்பினார், 143 நாள்ல 5,373 கிலோமீட்டர் ஓடினார், அவரைத் தெரியாதவங்க கம்மி. அவர் பின்னாடி வேன் ஓட்டின டக் ஆல்வர்டைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? ஒவ்வொரு மைலுக்கும் முன்னாடி போய் நிப்பாட்டி, தண்ணி குடுத்து, சமைச்சுப் போட்டவர். அந்த ரெண்டு நண்பர்களுக்கும் நடுவழியில பேச்சே நின்னு போற அளவுக்கு மனஸ்தாபம். டெர்ரியோட அப்பா அம்மா கிளம்பி வந்து பேச வேண்டியதாச்சு, அப்புறம் தம்பி டேரலும் கூட வந்து சேர்ந்துக்கிட்டார். அங்க ஓடினது ஒரு கால் இல்லாத பையன், அவருக்கே குடும்பம் வந்து இறங்கித்தான் அது சரியாச்சு. நீங்க வீட்ல உக்காந்து போன் அடிச்சுட்டு இருக்கீங்க.

அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம், நம்ம தைப்பூசத்தைப் பாருங்க. பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் 3, 4 கிலோமீட்டர்தான். காவடி தூக்கறவர் ஒருத்தர், ஆனா அவர் கூட எத்தனை பேர் நடக்கறாங்க, தண்ணி தர, ஸ்டூல் போட, காலைப் பிடிச்சுவிட. காவடி இறக்கியாச்சுன்னு அதோட வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிறதில்ல, மூணாம் நாள் இடும்பன் பூஜை போட்டு, கூட வந்தவங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டு சாப்பாடு வைப்பாங்க, அதுக்கப்புறம்தான் வேண்டுதல் முடிஞ்சதுன்னு அர்த்தம். அகத்தியருக்காக ரெண்டு மலையையும் தோள்ல சுமந்த இடும்பனுக்குப் படைச்சுட்டு, நமக்காக சுமந்தவங்களுக்கும் சாப்பாடு போடறோம். உங்க நடை செப்டம்பர்ல முடிஞ்சுச்சு. அந்த நாலு பேரும் உங்க வீட்ல ஒரு வேளை சாப்பிட்டாங்களா? கடுதாசியில இல்ல. இருந்திருந்தா எழுதியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், எத்தனை மணிக்கு எந்தப் பாலம் தாண்டினீங்கங்கிற அளவுக்கு எழுதறவர் நீங்க. (அதையெல்லாம் இடம் பத்தாம நான் வெட்டிட்டேன்.) மத்த மூணு பேர் சாக்கு சொல்றதும் இதனாலதான்னு எனக்குப் படுது. அவங்களும் அந்த சாவு வீட்ல நின்னிருப்பாங்க, நீங்க வரலங்கிறதைப் பார்த்திருப்பாங்க, நாளைக்கு நமக்கும் இதே கதிதான்னு நினைச்சிருப்பாங்க.

உங்க மனைவி போதும்னு சொல்றதை நீங்க ஒரே வரியில முடிச்சுட்டீங்க, நானும் ஒரு வரியில சொல்லிடறேன், அவங்க அந்த சாவுக்குப் போனாங்களான்னு இன்னிக்கு ராத்திரி கேளுங்க. போயிருந்தா, உங்க பேருக்கு அங்க நின்னு பதில் சொன்னது அவங்கதான்.

150 கிலோமீட்டரை இந்த வருஷம் விட்டுடுங்க. தீவை சுத்தி வர்ற பாதை எங்கயும் போகாது. நோயாளிகளுக்குச் செய்யணும்னா உங்க சம்பளத்துல மாசா மாசம் ஒரு தொகையைக் கட்டுங்க, அதுக்கு யாரும் ராத்திரி முழிச்சிருக்க வேண்டாம்.

அந்த நண்பர் வீட்டுக்கு நேர்ல போங்க. மனைவியையும் கூட்டிட்டுப் போங்க. மெடலும் வேண்டாம், அந்த நடையோட போட்டோவை ஃபிரேம் போட்டுக் குடுக்கறதும் வேண்டாம், நடையைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. அவங்க அம்மா இருந்தா முதல்ல அவங்ககிட்ட போய் உக்காருங்க. வரலம்மா, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க, பயிற்சி இருந்துச்சுன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த வார்த்தை அந்த வீட்ல உங்க வாயிலிருந்து வரவே கூடாது. அவர் திட்டினா வாங்கிக்குங்க. பேசாம டிவியைப் பார்த்துட்டு இருந்தாலும் உக்காந்திருங்க. வாடகைப் பணத்தை கவர்ல போட்டு நீட்டாதீங்க, அது அவரை அசிங்கப்படுத்தறது. அவர் வீட்டுக் காரியத்துல உங்க கைக்காசு செலவாகட்டும், அப்படித்தான் நம்மள்ல திருப்பிச் செய்வாங்க.

ஜூலைல தலை திவசம் வரும். திதி பார்த்து செய்யறதால இங்கிலீஷ் தேதிக்கு முன்ன பின்ன ஆகும், போன வருஷ தேதியை வச்சு நீங்களா முடிவு பண்ணாதீங்க. என்னிக்குன்னு அவங்க அம்மாவைக் கேளுங்க, அன்னிக்கு லீவு போடுங்க, காலையில முதல் ஆளா போய் நில்லுங்க, காய் நறுக்கச் சொன்னா நறுக்குங்க, இலை எடுக்கச் சொன்னா எடுங்க. அஸ்தி எங்க கரைச்சாங்கங்கிறதையும் அவர் வாயால கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. சாங்கின்னு சொன்னார்னா, ஒரு நாள் விடியக்காலையில அவர் டாக்சியில இல்ல, நீங்க ஏற்பாடு பண்ற வண்டியில, அவரை அங்க கூட்டிட்டுப் போங்க. அவர் எவ்வளவு நேரம் உக்காரணும்னு நினைக்கிறாரோ அவ்வளவு நேரம் நீங்களும் பக்கத்துல உக்காருங்க.