பிளஸ் குறி எங்கே போச்சு?

கேள்வி: ஸ்டாண்டர்ட் எம்எல் என்ற நிரல்மொழியில் ஒரு குட்டி கால்குலேட்டர் எழுதுகிறேன். 12+3 என்று கொடுத்தால் 12-ஐச் சரியாகப் படிக்கிறது, அப்புறம் பிளஸ் காணாமல் போகிறது. எண் முடிந்ததா என்று தெரிய அடுத்த எழுத்தைப் படித்துத்தானே ஆகவேண்டும்? படித்ததைத் திருப்பி வைக்க வழி உண்டா?

பதில்: திருப்பி வைக்கவே வேண்டாம், எடுக்காமல் பார்த்தால் போதும். உரையைப் படிக்க உதவும் டெக்ஸ்ட்ஐஓ மாட்யூலின் இன்புட்1 என்ற ஃபங்ஷன், எழுத்தைக் கொடுத்த கையோடு ஸ்ட்ரீமையும் (வரிசையாக வரும் எழுத்தோட்டம்) ஓர் இடம் தள்ளிவிடும். பக்கத்திலேயே இருக்கும் லுக்அஹெட் எழுத்தைக் காட்டும், தள்ளாது. இலக்கம் என்றால் எடுங்கள், பிளஸ் என்றால் அப்படியே விட்டுவிட்டு எண்ணை முடியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கோப்பிடம் ஓடுமோ என்ற பயம் வேண்டாம், ஒரு கட்டாக அள்ளி பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் தருகிறது.

நாளைக்கே 1.5 என்ற தசமமும், பாஸ்கல் பாணியில் 1..5 என்ற வரம்பும் வேண்டும் என்பீர்கள். 1-க்குப் பின் ஒரு புள்ளி தெரிகிறது, அது எந்தப் புள்ளி? ஓர் எழுத்து எட்டிப் பார்த்தால் போதாது. சி மொழியின் அன்கெட்சி-யும் ஓர் எழுத்தைத் திருப்பி வைக்கத்தான் உத்தரவாதம் தருகிறது. இங்கே டெக்ஸ்ட்ஐஓ-வுக்குள்ளேயே இருக்கும் ஸ்ட்ரீம்ஐஓ என்ற உள் மாட்யூலுக்குப் போங்கள், எனக்கு இந்த மொழியில் ரொம்பப் பிடித்த இடம் இது. அங்கே இன்புட்1 எழுத்தையும் மிச்ச ஸ்ட்ரீமையும் ஜோடியாகத் தரும், பழைய ஸ்ட்ரீம் மாறவே மாறாது, அதையே மறுபடி கேட்டால் அதே எழுத்துதான் வரும். புள்ளிக்கு முந்தைய ஸ்ட்ரீமை எஸ்0 என்று பிடித்துவைத்துக்கொண்டு தாராளமாக இரண்டு எழுத்து படியுங்கள். இலக்கம் வந்தால் தொடருங்கள், இன்னொரு புள்ளி வந்தால் 1-ஐயும் எஸ்0-ஐயும் திருப்பிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

டெக்ஸ்ட்ஐஓ-விலிருந்து கெட்இன்ஸ்ட்ரீம் வழியாக ஸ்ட்ரீம்ஐஓ-வுக்குள் போனால், முடித்ததும் மிச்ச ஸ்ட்ரீமைத் திருப்பி வைக்கும் செட்இன்ஸ்ட்ரீம் போட மறக்காதீர்கள். நான் மறந்து, ஒரே டோக்கன் (எண், குறி போன்ற ஒரு துண்டு) திரும்பத் திரும்ப வந்து அரை நாள் வீணானது. அப்புறம், ஸ்கேன்ஸ்ட்ரீமோடு, முழு எண்ணைப் படிக்கும் இன்ட்.ஸ்கேன் சேர்த்தால் இந்த வேலை எதுவும் வேண்டாமே என்று தோன்றும். ஆனால் அது +3-ஐ முன்குறியோடு கூடிய எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், உங்கள் பிளஸ் மறுபடி காணாமல் போகும். ஸ்ட்ரீம்ஐஓ-வில் இன்னொரு எச்சரிக்கை, கோப்பின் தொடக்கத்து ஸ்ட்ரீமை ஏதாவது ஒரு மாறியில் கடைசிவரை வைத்திருந்தால், படித்தது மொத்தமும் நினைவகத்தில் தேங்கும்.

கேள்வி: கோப்பிலிருந்து ஓடும் அதே புரோகிராம், கீபோர்டில் 2+2; என்று தட்டி என்டர் அடித்தால் விடை சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறதே?

பதில்: வரி முடிவுக்கு அப்புறமும் எட்டிப் பார்க்கிறீர்கள். அடுத்த எழுத்தை நீங்கள் தட்டினால்தானே லுக்அஹெட் காட்டும், அதுவரை காத்திருக்கும், ஸ்ட்ரீம் முடிந்ததா என்று சொல்லும் எண்ட்ஆஃப்ஸ்ட்ரீமும் அப்படித்தான். அரைப்புள்ளி வந்தவுடன் எதையும் பார்க்காமல் கணக்கைப் போட்டு விடையை அச்சிடுங்கள், வெற்றிடங்களையும் வரி முடிவையும் அடுத்த டோக்கன் தொடங்கும்போது தாண்டிக்கொள்ளலாம்.