கேளுங்கள், சொல்கிறேன்: புருஷன் பெயரில் ஒன்பது பேர்

ஆகஸ்ட் 9, நம் தென்னாப்பிரிக்காவின் பெண்கள் தினம் நெருங்கினால் எனக்கு வரும் கடிதம் இரட்டிப்பாகிவிடும். பாதிக்கு மேல் இங்கிலீஷில்தான் எழுதுகிறீர்கள். பரவாயில்லை, கேள்விகளைத் தமிழில் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

ஆன்ட்டி, பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. என் மகளுக்குப் பத்து வயது. ஜான்சி ராணி என்று முடிவு செய்து அவள் அப்பா அட்டையில் வாள்கூடச் செய்துவிட்டார். நம் தமிழ்ப் பெண் யாரும் இல்லையா?
*வாசகி, சாட்ஸ்வொர்த்*

வாள் வீணாகக் கூடாது என்றால் வேலு நாச்சியார் இருக்கிறார். 1772இல் காளையார்கோவில் சண்டையில் கணவரை இழந்து, 1780இல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தவர். ஜான்சி ராணிக்கு முக்கால் நூற்றாண்டு முந்தியவர். வேஷத்தின் பெயரை மாற்றினால் போதும், வாளை மாற்ற வேண்டாம்.

என்னைக் கேட்டால் தில்லையாடி வள்ளியம்மை என்பேன். தில்லையாடி அவள் அம்மாவின் ஊர். அவள் பிறந்தது நம் ஜோகன்னஸ்பர்க்கில். 1913இல் காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் அம்மாவோடு மாரிட்ஸ்பர்க் ஜெயிலுக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். வயது 16. நல்ல உயரமான பெண், அந்த உடம்பு வற்றிக் கிடந்ததைப் பார்க்கவே முடியவில்லை என்று காந்தி எழுதியிருக்கிறார். ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டதற்கு, இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்றாளாம்.

ஒன்று மட்டும். கொடி இல்லை என்று கேலி செய்த அதிகாரியிடம் சேலையைக் கிழித்து 'இதுதான் எங்கள் கொடி' என்றாள் என வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் சுற்றுகிறது. காந்தி எழுதிய வரலாற்றில் அது கிடையாது. குழந்தைக்கு அதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். சாதாரண நூல் சேலை, தோளில் ஒரு கம்பளி, அவ்வளவுதான் வேஷம். பரிசு ஜான்சி ராணிக்குத்தான் போகும், அதற்கும் தயாராக இருங்கள்.

தீமிதியில் நாம் கும்பிடும் திரௌபதி வீராங்கனையா? ஐந்து புருஷன் இருந்தும் காப்பாற்ற ஆளில்லாமல் நின்றவர்தானே?
*கல்லூரி மாணவி, டோங்காட்*

சபையில் அவள் கேட்ட கேள்வியை மறந்துவிட்டாயே, அம்மா. தன்னைத் தோற்ற பிறகா என்னை வைத்து ஆடினார்? தன்னையே இழந்தவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மரே நேராகப் பதில் சொல்ல முடியாமல் தர்மம் நுட்பமானது என்று நழுவினார்.

என் மாமா ஒருவர் தெருக்கூத்தில் திரௌபதி கட்டுவார். இந்த ஊரில் அதை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை, முறுக்கு மீசை. கூத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீசையை எடுப்பார். எடுத்த பிறகு அத்தை அவரிடம் அதிகம் பேச மாட்டார். துகில் உரியும் கட்டத்தில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரல் கட்டிக்கொள்ளும், முன் வரிசையில் இருக்கும் பெண்கள் துச்சாதனன் மேல் மண்ணை வாரி எறிவார்கள். நானும் எறிந்திருக்கிறேன்.

டர்பனில் பிரின்ஸ் எட்வர்ட் தெருவுக்கு ஏன் டாக்டர் கூனம் பெயர்?
*வாசகர், ஐசிப்பிங்கோ*

எடின்பரோவில் டாக்டருக்குப் படித்துவிட்டு டர்பன் திரும்பியவர். இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டிய சட்டத்தை எதிர்த்து 1946இல் ஜெயிலுக்குப் போனார். தன் வாழ்க்கைக் கதைக்குக் 'கூலி டாக்டர்' என்று தலைப்பு வைக்கிற நெஞ்சுரம் யாருக்கு வரும்! புடவை வாங்கப் போனால் எனக்கு இன்னமும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. திருந்த வேண்டும்.

என் பாட்டியின் அம்மா 1913இல் நேட்டாலில் உள்ள நியூகாசில் போய் ஜெயிலுக்குப் போனதாக வீட்டில் சொல்வார்கள். புத்தகத்தில் தேடினேன், அவர் பெயர் இல்லை. வெறும் கதையா?
*வாசகர், லெனேசியா*

அவசரப்படாதீர்கள். எந்தப் பெயரில் தேடினீர்கள்?

ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து போன 11 பெண்களின் பட்டியலைக் காந்தி கொடுத்திருக்கிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமிப் பிள்ளை... இப்படி ஒன்பது பேர், ஒன்பதும் புருஷன் பெயர். சொந்தப் பெயரோடு இருப்பவர்கள் கல்யாணமாகாத இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி மீனாட்சி. தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்பதை நாம் வேறு வழியில் தெரிந்துகொண்டோம்.

கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்று கோர்ட் சொன்ன வருடம் அது. அதை எதிர்த்துப் புறப்பட்டவர்கள் 'நான் இன்னாரின் மனைவி' என்று சொல்லிக்கொண்டதிலேயே ஒரு ரோஷம் இருந்திருக்கும். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த 11 பேரில் ஆறு பேர் கைக்குழந்தையோடு போனவர்கள். முதலில் பிடிபடுவதற்காகவே லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கூவி விற்றார்கள், போலீஸ் கண்டுகொள்ளவில்லை! பிறகுதான் நியூகாசில் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள் வருடாவருடம் கட்ட வேண்டிய வரி அது. ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருடச் சம்பளமே மாதம் 10 ஷில்லிங், அப்படியானால் வரி ஆறு மாதச் சம்பளம். சுரங்கம் நின்றது. பெண்களுக்கு மூன்று மாதம் ஜெயில், மாரிட்ஸ்பர்க்கில் துணி துவைக்கும் வேலை.

ஆகவே முதலில் பாட்டியின் அப்பா பெயரில், முன்னெழுத்தோடு தேடுங்கள். அவர் குடும்பம் நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்ததென்றால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் கப்பல் பட்டியலையும் பாருங்கள். நம்பர், பெயர், அப்பா பெயர், வயது, கிராமம் எல்லாம் எழுதியிருப்பான். கூலியாக இறங்கிய அன்று அவளுடைய சொந்தப் பெயரை எழுதினார்கள். ஜெயிலுக்குப் போனபோதுதான் அது காணாமல் போனது.

அப்புறம், உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். அதிலும் 'பாட்டியின் அம்மா' என்றுதான் இருக்கிறது. பெயர் தெரிந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.