ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் வேறு மொழி கற்க வேண்டுமா?

உலகின் பெரும்பகுதியில் ஆங்கிலம் செல்லுபடியாகும்போது, அதையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்னொரு மொழிக்காக ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கற்கத்தான் வேண்டும் என்பதே என் பதில். இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு அயல்மொழிப் பாடம் 2004 முதல் கட்டாயமில்லை என்றானபின், பிரெஞ்சு, ஜெர்மன் தேர்வுகளை எழுதுவோர் தொகை வெகுவாகச் சரிந்தது; 2014இல் 7 வயதிலிருந்தே மொழிப்பாடத்தைக் கட்டாயமாக்கியும் அந்தச் சரிவு ஈடுகட்டப்படவில்லை. வணிகப் பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பினர் ஆங்கிலத்தில் விலையைக் கேட்டுக்கொண்டு, தமக்குள் ஜெர்மனில் கலந்துபேசும்போது, ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உழைப்பு கொஞ்சமல்ல: அமெரிக்கத் தூதரக அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஜப்பானிய மொழிக்கு ஏறத்தாழ 2,200 வகுப்பு மணிநேரத்தையும், தமிழுக்கு (நம் மொழி அவ்வளவு எளிதில் வசப்படாது!) 1,100 மணிநேரத்தையும் ஒதுக்குகிறது. ஸ்பானிய மொழிக்கு அதைவிடக் குறைவே என்பதால், தயங்குவோர் அதிலிருந்து தொடங்கலாம்.